இலவசமாக வந்த பால் மாவு டின்

கேள்வி: முதல் பிரசவம். குழந்தை பிறந்து 12 நாள் ஆகிறது. தனியார் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது கொடுத்த பையில் சிறிய பால் மாவு டின்னும் ஒரு புட்டியும் இருந்தன. “ஆஸ்பத்திரியிலேயே கொடுத்திருக்கிறார்கள். ராத்திரிக்கு மட்டும் கரைத்துக் கொடு, நீயும் கொஞ்சம் தூங்கு” என்கிறார் மாமியார். கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: அந்த டின்னைத் திறக்காதீர்கள். உங்கள் மாமியார் உங்கள் தூக்கத்தை நினைத்துத்தான் சொல்கிறார். தவறு அந்தப் பையைக் கொடுத்தவர்களுடையது.

நான் பிரசவ வார்டில் செவிலியராக வேலைக்குச் சேர்ந்தது 1986-ல். அப்போது வார்டுச் சுவரில் கொழுகொழு குழந்தை சிரிக்கும் பால் மாவுக் காலண்டர் தொங்கும். தாய்மாரின் கட்டிலருகே மாதிரி டின் இருக்கும். அப்படி ஒரு டின்னோடு வீட்டுக்குப் போன பெண், நான்காம் மாதம் எலும்பும் தோலுமான குழந்தையோடு திரும்பி வந்தார். எப்படிக் கரைக்கிறாய் என்று கேட்டேன். கரைத்துக் காட்டினார். மூன்று கரண்டி போட வேண்டிய தண்ணீருக்கு ஒரே கரண்டி. டின் மாதக் கடைசிவரை வர வேண்டுமே! புட்டியில் இருந்தது அரிசி களைந்த தண்ணீர் போல இருந்தது. அவருக்கோ அதற்குள் தாய்ப்பால் முழுதும் வற்றியிருந்தது.

இதைத் தடுக்கத்தான் 1992-ல் நம் நாட்டில் தனிச் சட்டம் வந்தது. 2003-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பால் மாவு, குழந்தை உணவு, புட்டி எதற்கும் விளம்பரம் கூடாது. மாதிரியாகவோ பரிசாகவோ தரக் கூடாது. விற்பனைக்காகக் கர்ப்பிணிகளையும் தாய்மாரையும் அணுகவே கூடாது. மருத்துவமனை வழியாக விளம்பரப் பொருள்களை விநியோகிப்பதும் குற்றம். மூன்றாண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். அந்த அபராதத் தொகை எனக்குப் போதாது என்றே படுகிறது.

டின்னைத் திருப்பிப் பாருங்கள். தாய்ப்பாலே குழந்தைக்குச் சிறந்தது என்ற அறிவிப்பு எடுப்பாக இருக்க வேண்டும். மருத்துவப் பணியாளர் ஆலோசனைப்படியே பயன்படுத்த வேண்டும் என்ற வரியும் வேண்டும். குழந்தை படமோ பெண் படமோ இருக்கக் கூடாது. டின்னையும் புட்டியையும் தொகுதி எண் தெரியும்படி படம் எடுத்து, எந்த நாள் யார் கொடுத்தார்கள் என்று எழுதி, உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறை அலுவலகத்தில் கொடுங்கள்.

பால் மாவு விற்பதே குற்றமல்ல. தாயில்லாத பிள்ளைக்கும், தாய் கடும் மருந்து எடுக்கும் நிலையில் உள்ள பிள்ளைக்கும் அது உயிர் காக்கும். உங்களுக்கு இப்போது அந்த நிலை வந்ததாகத் தெரியவில்லை. குழந்தை ஒரு நாளில் ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று பொருள். குறைந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரவில் மட்டும் புட்டி என்பதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் இரவில்தான் அதிகம். அப்போது குழந்தை சப்பாவிட்டால் பகலிலும் சுரப்பு குறையும். பால் கொடுத்து முடித்ததும் குழந்தையை மாமியார் கையில் கொடுங்கள். தோளில் போட்டுத் தட்டி, ஏப்பம் வரவைத்து, உறங்க வைப்பதை அவர் பார்த்துக்கொள்ளட்டும். அந்த நேரம் நீங்கள் தூங்கலாம்.