நாய்க்குப் பயிற்சி கொடுத்து அலுத்துப்போன நேரத்திலும், "இவன் நமக்குக் கிடைத்ததே பெரிது" என்று உங்களுக்குத் தோன்றியதுண்டா?

தோன்றியிருக்கிறது. இன்றைக்கும் தோன்றுகிறது.

எங்கள் முத்து ராஜபாளையம் நாய். பால் வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு. 2005-ல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட நாலு நம்ம நாட்டு நாய்களில் இதுவும் ஒன்று என்று பெருமை பேசித்தான் சித்தப்பா 45 நாள் குட்டியை என் கையில் கொடுத்தார். நாலு மாதமாகப் படாத பாடு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரமாட்டான். கேட் திறந்தால் ஓட்டம். "உட்கார்" என்று தொண்டை வற்றச் சொன்னாலும், எப்போதாவது என் கை மேலே போகும்போது மட்டும் உட்காருவான். பயிற்சி கொடுக்க வந்தவர், "முரட்டு ஜாதி சார், ரெண்டு போட்டால்தான் வழிக்கு வரும்" என்றார். அவரை அன்றோடு நிறுத்திவிட்டேன். ஆனால் நானும் கத்தினேன், நிறையவே.

தீபாவளியன்று வாசலுக்கு எதிரே சரவெடி. தெரு நாய்களெல்லாம் காருக்கு அடியில் பதுங்கிவிட்டன. முத்து திண்ணையில் மல்லாந்து தூங்கினான். காது மடல்கூட அசையவில்லை. அம்மாதான் முதலில் சொன்னார், "இவனுக்குக் காது கேக்கலடா."

கால்நடை மருத்துவரும் அதையே சொன்னார். இந்த மாதிரி வெள்ளை நாய்கள் சிலவற்றுக்கு உள்காதில் நிறமிச் செல்கள் இருக்காது. அதனால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் போய்விடும். உடம்பெல்லாம் புள்ளி போட்ட டால்மேஷியன் நாய்கள் சிலவற்றுக்கும் இது உண்டு. மருந்து கிடையாது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் கத்திய ஒரு சொல்கூட அவன் காதில் விழவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்திருக்கிறான். அந்தக் கோப முகத்தை நாலு மாதம் பார்த்த பிறகும், தினமும் என் பாதத்தின் மேல் தாடையை வைத்துத்தான் படுத்தான். நான் எழுந்தால் தனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அப்படிப் படுத்திருக்கிறான்! நான் அதைக் கொஞ்சல் என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் எல்லாம் கையால்தான். உள்ளங்கையை மேலே தூக்கினால் உட்கார், நெஞ்சில் தட்டினால் வா. தூரத்தில் இருந்தால் தரையை ஓங்கி மிதிப்பேன், இருட்டினால் வாசல் விளக்கை அணைத்து அணைத்துப் போடுவேன். தூங்கும்போது திடீரென்று தொடக்கூடாது, பதறிவிடுவான். உப்பில்லாமல் அவித்த கோழி ஈரலை மூக்கருகே காட்டிவிட்டு, மெதுவாகத் தோளைத் தொடுவேன்.

கஷ்டம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். வேட்டை நாய், ஆட்டைக் கண்டால் பாய்வான். முதுகைக் காட்டி ஓடுகிறவனுக்குச் சைகை எப்படித் தெரியும்? அதனால் 30 அடி கயிறு இல்லாமல் வெளியே விடுவதில்லை. திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டு ஈரல் என்று ஒரு மாதம் பழக்கினேன். இப்போது கையில் ஈரல் இல்லாத நாளிலும் பத்தடிக்கு ஒருமுறை நின்று, திரும்பி என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நடக்கிறான். என்னை இத்தனை தடவை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

நாயே வேண்டாம் என்ற அம்மா, எங்கள் எல்லோருக்கும் முன்னால் சாப்பாட்டுச் சைகையைக் கற்றுக்கொண்டார். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய், கூடவே சத்தமாக, "சாமி, சாப்பிட வாடா" என்பார். அவனுக்குத்தான் கேட்காதே என்றால், "அதுக்காக வாய் திறக்காமலா பிள்ளையச் சாப்பிடக் கூப்பிடுவாங்க?" என்கிறார்.