ஹவாயின் கசப்பு வள்ளி 'ஹோய்': கேட்டவர்களும் பதிலும்

கேள்வி: ஹோய் ஹவாய்க் காடுகளிலேயே தோன்றிய கொடியா?

பதில்: இல்லைங்க. பசிபிக் தீவுகளில் குடியேறிய பாலினேசியர்கள் படகில் கொண்டுவந்து நட்டது. நம் காய்வள்ளியும் அதுவும் ஒரே இனம். உஹி என்ற வள்ளியையும் கொண்டுவந்தார்கள். யாழ்ப்பாணத்தில் கஞ்சி காய்ச்சும் இராசவள்ளியின் இனம் அது.

கேள்வி: உஹியையும் ஹோயையும் எப்படிப் பிரித்தறிவது?

பதில்: தண்டைத் தடவிப் பாருங்கள். உஹியின் தண்டு சதுரமாக, மூலைகளில் மெல்லிய விளிம்போடு இருக்கும். ஹோயின் தண்டு உருண்டையாக, வழவழப்பாக இருக்கும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுற்றி ஏறும். இலைக்கக்கத்தில், அதாவது இலையும் தண்டும் சேரும் இடத்தில், காய் தொங்குவதை மட்டும் நம்பிவிடாதீர்கள். உஹியும் சில சமயம் காய் விடும்.

கேள்வி: இவ்வளவு கசப்பை யார் சாப்பிட்டார்கள்?

பதில்: பஞ்சத்தில் அகப்பட்டவர்கள். சேம்பும் சர்க்கரைவள்ளியும் கிடைத்த காலத்தில் ஹோயை யாரும் தேடிப்போனதில்லை. மழை பொய்த்தால்தான் அதன் முறை வரும். கிழங்கைத் துருவி, தண்ணீர் மாற்றி மாற்றிப் பலமுறை அலசி, அப்புறம்தான் சமைப்பார்கள். கசப்போடு நஞ்சும் இருக்கிறது, கல்லீரலைக் கெடுக்கும். அந்த அலசல்தான் உயிரைக் காத்தது. ஹவாய் மக்களின் தாவர அறிவு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பொறுமைதான்.

கேள்வி: நாங்கள் காய்வள்ளியை வெறுமனே அவித்துச் சாப்பிடுகிறோமே?

பதில்: நீங்கள் சாப்பிடுவது வீட்டில் வளர்க்கும் நல்ல ரகமாக இருக்கும். ஹவாய்க் காட்டில் படர்வது கசப்பு ரகம். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தெரியாத கொடியின் காயை எந்த ஊரிலும் வாயில் வைக்காதீர்கள்.

கேள்வி: உஹிக்கு அங்கே மதிப்பு இருந்ததா?

பதில்: இருந்தது, ஆனால் சேம்புக்கு அடுத்துதான். சேம்பை அவித்து இடித்துச் செய்யும் 'போய்' அவர்களுடைய அன்றாட உணவு. உஹியில் அது சரியாக வராது. கப்பல்காரர்களுக்கோ உஹிதான் வேண்டும், நீண்ட பயணத்தில் கெடாமல் தாங்கும். 1778இல் ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக்கின் கப்பல்கள் ஹவாயின் நீஹாவ் தீவில் வள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டன.

கேள்வி: அழகுக்காக ஹோய் வளர்க்கலாமா?

பதில்: வேண்டாம். கொடி காய்ந்த பிறகும் உதிர்ந்த காய்கள் முளைக்கும். 1905இல் ஃபுளோரிடாவுக்குள் நுழைந்த இதே இனம் மரங்களையே மூடிவிட்டது; இலையைத் தின்னும் வண்டை ஆசியாவிலிருந்து வரவழைத்து விட வேண்டியிருந்தது. ஏற்கெனவே வைத்திருந்தால் காய்கள் உதிரும் முன்பே பறித்துவிடுங்கள், மண்ணுக்குள் இருக்கும் கிழங்கையும் தோண்டி எடுங்கள்.