நாட்டில் இத்தனை பேர் பசியோடு இருக்கும்போது சந்திரயானுக்குக் கோடிகளைச் செலவழிப்பது நியாயமா?

நியாயம்தான் என்பது என் பதில். ஆனால் கேள்வியில் தப்பில்லை. இதைக் கேட்டாலே 'தேசப்பற்று இல்லாதவன்' என்று பாயும் கூட்டம் ஒன்று இருக்கிறது. வரிப்பணம் எங்கே போகிறது என்று கேட்க யாருக்கும் உரிமை உண்டு.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். சந்திரயான் 3-க்குச் சுமார் 615 கோடி ரூபாய் ஆனது. அதுவும் ஒரே வருடத்தில் இறைத்த பணம் கிடையாது. அது தரையிறங்கிய 2023-24 நிதியாண்டில் மத்திய பட்ஜெட் மொத்தம் சுமார் 45 லட்சம் கோடி. விண்வெளித் துறைக்கு ஒதுக்கியது 12,544 கோடி. அதாவது நூறு ரூபாயில் 28 காசு. உணவு மானியத்துக்கு அதே பட்ஜெட்டில் 1.97 லட்சம் கோடி.

இன்னொன்றும் கவனியுங்கள். நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு முந்தைய பட்ஜெட்டில் 73,000 கோடி இருந்தது, அந்த வருடம் 60,000 கோடியாக வெட்டினார்கள். (பிறகு வேறு வழியில்லாமல் கூட்டினார்கள்.) வெட்டிய தொகை மட்டுமே இருபது சந்திரயானுக்கு மேல் வரும். சரி, அது ராக்கெட்டுக்குப் போனதா? விண்வெளித் துறையின் ஒதுக்கீடும் 13,700 கோடியிலிருந்துதான் 12,544-க்கு இறங்கியது. ஏழைக்கும் குறைத்தார்கள், விஞ்ஞானிக்கும் குறைத்தார்கள். இவனிடம் பிடுங்கினால் அவனுக்குப் போய்ச் சேரும் என்ற நம்பிக்கையில்தான் உங்கள் கேள்வி நிற்கிறது. பட்ஜெட் அப்படி ஓடுவதில்லை.

இந்தக் கேள்விக்கு வழக்கமாக, இந்திய விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிவைத்த விக்ரம் சாராபாய் சொன்னதை எடுத்து ஒட்டுவார்கள், இல்லையென்றால் 'ஹாலிவுட் படத்தைவிட மலிவு' என்பார்கள். இரண்டாவது வாதம் எனக்கு எரிச்சலைத் தரும். மலிவாகச் செய்வதே பெருமை என்று ஆகிவிட்டால், அடுத்த முறை யாராவது கூடுதலாகப் பணம் கேட்கும்போது, 'அதான் கொஞ்சத்திலேயே முடித்துவிடுகிறீர்களே' என்று சொல்லிவிடலாம். அதைச் சொல்லியும் விடுகிறார்கள். இந்தியா ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் செலவிடுவது, அரசும் தனியாரும் சேர்த்து, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். சீனா 2.4 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. தென் கொரியா சுமார் 5 சதவீதம் செலவிடுகிறது. 2017 ஆகஸ்ட்டில் பல ஊர்களில் விஞ்ஞானிகளும் மாணவர்களும் ஊர்வலம் போய், 3 சதவீதம் வேண்டும் என்று கேட்டார்கள். போன வேகத்தில் திரும்பி வந்ததுதான் மிச்சம்.

நான் வேதியியலில் பிஎச்.டி. முடித்தவன். ராக்கெட்டுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. விண்வெளித் துறைக்காவது பட்ஜெட்டில் தனிப் பெயர் இருக்கிறது, டி.வி.யில் கைதட்டல் இருக்கிறது. எங்களைப் போன்ற மாநிலப் பல்கலைக்கழக ஆய்வகங்களின் கதை வேறு. ஒரு உதாரணம். அரசு ஆராய்ச்சி நிறுவனங்கள் வாங்கும் கருவிகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. என்று ஒரு சலுகை இருந்தது. 2022 ஜூலையில் அதை எடுத்துவிட்டார்கள், பெரும்பாலான கருவிகளுக்கு 18 சதவீதம் ஆனது. எங்கள் கைடின் புராஜெக்ட் அதற்கு முன்பே பழைய கணக்கில் ஒப்புதலானது. பத்து லட்ச ரூபாய்க் கருவி என்று வைத்துக்கொள்ளுங்கள்: வரி 50,000-லிருந்து 1,80,000 ஆகிறது. நல்கை ஒரு பைசா கூடவில்லை. பிறகு அந்தப் பணம் எங்கிருந்து வரும்? ரசாயனம் வாங்க வைத்திருந்ததில் இருந்துதான். வேதிக் கலவைகளைப் பிரிக்கும் குழாயில் நிரப்ப வேண்டிய சிலிக்கா ஜெல்லை அளந்து அளந்து எடுத்தோம். கழுவ வைத்திருந்த அசிட்டோனைக் காய்ச்சி வடித்து மறுபடியும் புழங்கினோம். என்.எம்.ஆர். (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் சோதனை) எடுக்க வெளியூருக்கு அனுப்ப வேண்டிய சாம்பிள்கள், 'அடுத்த தவணை வரட்டும்' என்று குளிர்பெட்டியில் கிடந்தன. அடுத்த தவணை மார்ச்சில் வரும். மார்ச் 31-க்குள் செலவழித்துக் கணக்குக் காட்டு என்பார்கள். கொட்டேஷன் வாங்கவே மூன்று வாரம் ஆகும்.

ஒரு அரசு அறிவியலுக்குக் கொடுத்து, அதே அரசு வரியாகத் திருப்பி எடுத்துக்கொள்ளும் இந்த விளையாட்டைப் பற்றி ஒரு விவாத மேடையிலும் பேசிக் கேட்டதில்லை.

அரசுத் தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. தனியார் நிறுவனங்கள் இங்கே ஆராய்ச்சிக்குக் கை விரிக்கின்றன, அது உண்மைதான். அதனால்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்து வருடத்தில் 50,000 கோடி என்று அறிவித்தபோது, அதில் பெரும்பங்கு அரசுக்கு வெளியிலிருந்து வரும் என்றார்கள். பிறகு 2025-ல் தனியார் ஆராய்ச்சிக்கு நீண்ட காலக் கடன் கொடுக்க ஒரு லட்சம் கோடித் திட்டம். நல்லது, வரட்டும். ஆனால் கடன் வாங்கும் கம்பெனி அடிப்படை வேதியியலில் எதற்குப் போட வேண்டும்? நாளைக்கே விற்கக்கூடிய சரக்கில்தான் போடும். நான் அந்த இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

நீங்கள் கேட்ட முன்னுரிமை விவாதம் நடக்க வேண்டிய இடம் நாடாளுமன்றம். ஒவ்வொரு துறையின் மானியக் கோரிக்கையையும், அதாவது அது செலவுக்குக் கேட்கும் தொகையை, எடுத்துப் பேசி, இதற்கு ஏன் இவ்வளவு, அதற்கு ஏன் குறைவு என்று கேட்கலாம். 2023 மார்ச் 23 அன்று மக்களவையில் என்ன நடந்தது? ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சிகளும் மாறி மாறிக் கூச்சல் போட்டதில், 45 லட்சம் கோடிக்கான மொத்தக் கோரிக்கைகளும் விவாதமே இல்லாமல், எல்லாவற்றையும் ஒரே மொத்தமாக வாக்குக்கு விடும் 'கில்லட்டின்' முறையில் நிறைவேறின. உணவு மானியமும் அதில்தான், விண்வெளியும் அதில்தான். சரியாக ஐந்து மாதம் கழித்து, ஆகஸ்ட் 23 அன்று விக்ரம் லேண்டர் நிலவில் இறங்கியதும், இந்தச் செலவு தேவையா என்று சேனல்கள் எல்லாம் கூடி உட்கார்ந்து பேசின.