ஷீட்டாக்கே பொடியில் காங்கோ சிவப்பு ஏன் நகரவில்லை?

வணக்கம். ஷீட்டாக்கே காளானை வெந்நீரில் காய்ச்சி, எத்தனாலால் வீழ்படிவாக்கிய பொடியில் ஃபீனால்-கந்தக அமிலச் சோதனை 80 விழுக்காடு சர்க்கரை காட்டியும், காங்கோ சிவப்புச் சாயம் ஒளியை மிகுதியாக உறிஞ்சும் உச்ச அலைநீளம் நகரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பொடியை முதலில் 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்ததாகவும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். என் ஐயம் அங்கேதான் விழுகிறது.

ஷீட்டாக்கேயில் உள்ள பாலிசாக்கரைடான (சர்க்கரை அலகுகளின் நீள்சங்கிலி) லென்டினனின் முதன்மைச் சங்கிலி பீட்டா-1,3 பிணைப்பால் ஆனது. அதில் ஐந்து குளுக்கோஸ் அலகுகளுக்கு இரண்டு வீதம் பீட்டா-1,6 கிளைகள் உண்டு. நீரில் இத்தகைய மூன்று சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் முறுக்கிக்கொண்டு முச்சுருளாக நிற்கின்றன. அச்சுருளோடு சாயம் இணையும்போதுதான் உச்சம் நீண்ட அலைநீளத்துக்கு நகரும். நீங்கள் பயன்படுத்திய கார வலிமையில் அப்பிணைப்புகள் அறுந்து சங்கிலிகள் தனித்தனியாகிவிடும். பின்னர் நடுநிலையாக்கினாலும் பழைய வடிவம் முழுமையாகத் திரும்பும் என்று நம்ப முடியாது. ஆகவே புதிய பொடியை நீரிலேயே கரைத்து, சாயத்தைச் சேர்த்து, காரத்தைச் சுழியத்திலிருந்து 0.5 மோலார் வரை படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் சாயம் மட்டும் உள்ள கரைசலோடு ஒப்பிடுங்கள். முச்சுருள் இருந்தால் குறைந்த காரத்தில் உச்சம் நகர்ந்து, காரம் ஏற ஏறப் பின்வாங்கும்.

அப்போதும் நகரவில்லையெனில், அந்த 80 விழுக்காட்டையே ஐயுற வேண்டும். ஃபீனால் சோதனை சர்க்கரைப் பிணைப்பு ஆல்பாவா, பீட்டாவா என்று பிரித்தறியாது (காளான் மாத்திரைப் புட்டிகளில் அச்சிடப்படும் ‘பாலிசாக்கரைடு விழுக்காடு’ எனக்கு நம்பிக்கை தராததும் இதனால்தான்). காளான் சேமித்துவைக்கும் ஆல்பா பிணைப்புப் பாலிசாக்கரைடான கிளைகோஜனும் எத்தனாலில் வீழ்படிவாகும். ஒரு துளி அயோடின் செம்பழுப்பு நிறம் தந்தால் கிளைகோஜன் இருக்கக்கூடும். நீலம் தந்தால் தானிய வளர்ப்பூடகத்தின் மாவுச்சத்து கலந்திருக்கலாம். ஆல்பா பிணைப்புகளை அறுக்கும் அமைலேஸ், அமைலோகுளுக்கோசிடேஸ் நொதிகளால் செரிக்கவைத்து, டயாலிசிஸ் (சிறு மூலக்கூறுகளைச் சவ்வு வழியே வெளியேற்றுதல்) செய்தபின் மீண்டும் அளந்து பாருங்கள்.