வேஷம் கலைந்த இடம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் சொன்னதால் பீட்டர் கேப்ரியலின் முதல் தனி ஆல்பத்தை மூன்று முறை கேட்டேன். ஜெனிசிஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவில் அவர் பாடியவை எனக்கு முன்பே பிடிக்கும். ஆனால் 1977இல் வந்த இந்த ஆல்பத்தில் மனம் ஒட்டவில்லை. ஒரு பாட்டு ராக், இன்னொன்று நாலு பேர் கூடிப் பாடும் பழங்காலப் பாட்டு, அப்புறம் ப்ளூஸ், அப்புறம் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா. ஒன்பது பாட்டையும் ஒன்பது பேர் பாடியதுபோல் இருக்கிறது. தனக்கென்று ஒரு பாணி அகப்படாமல் தடுமாறியிருக்கிறார் என்றே தோன்றுகிறது. நான் எதையாவது தவறவிடுகிறேனா?

ம.

அன்புள்ள ம,

தடுமாற்றம் இருக்கிறது. 'டவுன் தி டோல்சே விட்டா'வில் லண்டன் சிம்ஃபொனி ஆர்க்கெஸ்ட்ராவே வந்து இறங்குகிறது. அத்தனை பாரத்தை அந்தப் பாட்டு தாங்காது. 'வெயிட்டிங் ஃபார் தி பிக் ஒன்' ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. நாலு நிமிடத்திலேயே சொல்ல வந்தது தீர்ந்துவிடுகிறது. ஆனாலும், பாணி இல்லாதவர் என்று நீங்கள் முடிவுகட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஜெனிசிஸ் மேடையில் அவர் எப்படி நின்றார் என்று நினைத்துப்பாருங்கள். தலையில் நரி முகம், உடம்பில் சிவப்புப் பெண்ணுடை. பாட்டுக்கொரு வேஷம், வேஷத்துக்கொரு குரல். 1975இல் குழுவைவிட்டு வந்தபோது முகமூடிகளைக் கழற்றி வைத்தார், கூடுவிட்டுக் கூடு பாயும் பழக்கத்தை வைக்கவில்லை. முதல் பாட்டிலேயே ஊர்த்தலைவன் ஒருவன் அடித்தொண்டையில் உறுமுகிறான். 'எக்ஸ்கியூஸ் மி'யில் நீங்கள் சொன்ன அந்த நாலு குரல் பாட்டு, பார்பர்ஷாப் என்ற பழைய அமெரிக்க முறை. பேஸ் கிடார் வாசிக்க வந்த டோனி லெவின் அதில் ட்யூபாவும் ஊதுகிறார். இத்தனை வேஷத்துக்கும் உள்ளே இருப்பது கேப்ரியல் என்ற ஒரே ஆள்தான். குரல் எங்கே நடிக்கிறது, எங்கே நடிப்பை நிறுத்துகிறது என்று கேட்டுப்பாருங்கள். எனக்கு இந்த ஆல்பம் திறந்தது அப்படித்தான்.

நிறுத்துகிற இடம் 'சால்ஸ்பரி ஹில்'. இங்கிலாந்தில் பாத் நகரத்துக்கு அருகே உள்ள சிறிய குன்று அது. இரவில் அதன்மேல் ஏறி நகரத்தின் வெளிச்சத்தைப் பார்ப்பவன், இருந்த இடத்தைவிட்டுக் கிளம்பத் துணிகிறான். குழுவைவிட்டு வந்த கதையைத்தான் சொல்கிறார், ஆனால் யாரையும் குற்றம் சொல்லாமல் சொல்கிறார்.

தாளத்தைத் தொடையில் தட்டிப்பாருங்கள். ஏழு. நம் கணக்கில் மிஸ்ரம். ராக்கில் நாலுதான் வழக்கம். ஜெனிசிஸ் ஒன்பது எண்ணிக்கையில்கூட நீளமாக வாசித்த குழு. அங்கே கணக்கு கணக்காகவே காதில் விழும். இங்கே அக்கூஸ்டிக் கிடார் அவ்வளவு இலேசாக ஓடுவதால், ஏழு என்று தெரியாமலேயே முணுமுணுக்கிறோம். எட்டாவது அடி விழவேண்டிய இடத்தில் அது விழுவதில்லை, அதற்குள் அடுத்த சுற்று தொடங்கிவிடுகிறது. கால் பாவாமல் நடப்பவனின் பதற்றம் அது. பல்லவி முடியும்போது மட்டும், உன்னை வீட்டுக்கு அழைத்துப்போக வந்திருக்கிறேன் என்ற வரியை ஒட்டி, தாளம் நாலில் வந்து அமர்கிறது. முதன்முறை அதைக் கவனித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சொற்களையும் பாருங்கள். முதலில் உன் பொருட்களை எடுத்துக்கொள் என்று ஒரு குரல் அழைக்கிறது. கடைசியில் அவனே பேசுகிறான்: என் பொருட்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது பாட்டுக்கும் நடுவே இவ்வளவு வெறுங்கையோடு நிற்கும் வேறொரு வரி இல்லை.

தயாரிப்பாளர் பாப் எஸ்ரின். பதிவு பெரும்பாலும் டொரொண்டோவில் நடந்தது. அவர் பெரிதாகக் கட்டத் தெரிந்தவர், சில இடங்களில் அதுவே பாதகமாகிவிட்டது. கடைசிப் பாட்டு 'ஹியர் கம்ஸ் தி ஃப்ளட்' அதற்குச் சாட்சி. ஆல்பத்தில் அது கிடாரும் முரசுமாகப் பொங்குகிறது. அந்தப் பதிவில் கேப்ரியலுக்கே நிறைவில்லை. ஆல்பத்தில் கிடார் வாசித்த ராபர்ட் ஃப்ரிப், 1979இல் வந்த தன் 'எக்ஸ்போஷர்' ஆல்பத்துக்காக அவரைப் பியானோ முன் அமர்த்தி அதே பாட்டை மறுபடி பாடவைத்தார். பக்கத்தில் யாரோ தாழ்ந்த குரலில் சொல்வதுபோல் இருக்கும். வெள்ளம் வருகிறது என்று கத்தவேண்டியதில்லை என்பது அதில் புரியும்.

இன்னொன்று. இந்த ஆல்பத்துக்கு கேப்ரியல் தன் பெயரையே வைத்தார். அடுத்த மூன்றுக்கும் அதே பெயர்தான். ஒரு பத்திரிகையின் இதழ்களைப் போல வரட்டும் என்று நினைத்தார். முதல் இதழில் கவிதையும் கட்டுரையும் துணுக்கும் கலந்துதானே இருக்கும்? நீங்கள் தேடும் ஒரே நிறம், ஒரே இறுக்கம், 1980இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் கிடைக்கும். அதில் முரசோடு சேர்த்து அடிக்கும் உலோகத் தட்டான சிம்பலே கிடையாது. எதை விடவேண்டும் என்று அந்த அளவுக்குத் தெளிவதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை தொட்டுப்பார்த்த ஆல்பம் இது. அதனாலேயே எனக்கு இது நெருக்கம்.

நான்காவது முறை கேட்கும்போது வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் 1979இன் பியானோப் பதிவு. பிறகு இந்த ஆல்பத்திலிருந்து 'ஹம்ட்ரம்'. 'சால்ஸ்பரி ஹில்' கடைசியில். கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.