சம்பளம், முட்டை, காலரா

அன்புள்ள ஐயா,
இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் போர்க் கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் வைத்துத் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் மரண ரயில்பாதை பற்றிய உங்கள் கட்டுரையில், கைதிகளான அதிகாரிகளுக்குத் தனிச் சம்பளம் இருந்ததாகப் படித்தேன். ஒரே வேலிக்குள் சாகும்போதும் மேல் கீழா?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் அந்த மேல் கீழ் சட்டத்திலேயே இருந்தது. போர்க் கைதிகளை எப்படி நடத்துவது என்று நாடுகள் செய்துகொண்ட 1929 ஜெனீவா ஒப்பந்தப்படி சிப்பாய்க் கைதிகளை வேலை வாங்கலாம். அதிகாரிகளைக் கட்டாயப்படுத்தக் கூடாது. அவர்களுக்குச் சம்பளமும் உண்டு, ஏவலுக்குச் சிப்பாய்களும் உண்டு. 1949இல் எழுதிய ஒப்பந்தத்தில்கூட, சிறைப்பிடித்த நாடு கைதிக்குக் கொடுக்க வேண்டிய மாத முன்பணம் சிப்பாய்க்கு 8 சுவிஸ் ஃபிராங்க், ஜெனரலுக்கு 75.

ஜப்பான் 1929 ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதோடு சரி, அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. அதிகாரிகளையும் பல இடங்களில் மண் சுமக்க வைத்தது. சம்பள வேறுபாட்டை மட்டும் விடவில்லை. சிப்பாய்க்கு வேலை செய்த நாளுக்குத்தான் கூலி. நோயில் படுத்தால் கூலி நின்றுவிடும், அரிசியும் குறையும். சத்துணவு யாருக்கு அதிகம் தேவையோ அவன் கையில்தான் காசே இருக்காது.

ஆகவே அதிகாரிகளின் சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடித்து நோயாளிகளுக்கான நிதி சேர்த்தார்கள். ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் எட்வர்ட் டன்லப் இதில் பிடிவாதமாக இருந்தார். எல்லா அதிகாரிகளும் மனமுவந்து கொடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. அந்தக் காசில் ஆற்றுவழி வரும் தாய்லாந்து வியாபாரிகளிடம் வாத்து முட்டை வாங்கினார்கள். தீட்டிய அரிசியை மட்டுமே தின்று பெரிபெரி என்ற சத்துக்குறைவு நோயில் கால் வீங்கியவனுக்கு அந்த முட்டைதான் மருந்து. இரக்கம் கணக்கேட்டில் ஏறினால்தான் முட்டையாகும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதைவிடப் பெரிய பிளவு ஒன்று இருந்தது. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது, கைதிகள் முகாமில் அதிகாரி உத்தரவு போட்டால் தண்ணீர் கொதித்தது. சாப்பாட்டுத் தட்டைக் கொதிநீரில் முக்கியெடுத்த பிறகே சோறு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன நம் தமிழர்களுக்கு உத்தரவிட ஆளில்லை, மருத்துவர் அநேகமாக இல்லை, போர்க் கைதிகள் அல்லாததால் ஒப்பந்தமும் இல்லை. சுமார் 60,000 நேசநாட்டுக் கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர் சாவுக்கு இன்றும் மதிப்பீடுகள்தான் உண்டு, முழுப் பெயர்ப் பட்டியல் இல்லை.

அந்த ஆண்டு ஜப்பானியர் சிங்கப்பூரின் சாங்கி கைதிகள் முகாமிலிருந்து கே, எல் என்ற இரண்டு மருத்துவக் குழுக்களைத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அந்த மருத்துவர்களும் கைதிகளே.