விலங்குகளை வரைவது கிறிஸ்தவ விசுவாசத்தின் வெளிப்பாடு ஆகுமா?

கேள்வி கேட்டவர் பூனை, யானை, காகம் என்று வரைகிறவர். "இதுல இயேசு எங்க இருக்கார்?" என்று வீட்டில் கேட்கிறார்களாம். என் வீட்டிலும் கேட்டார்கள். ஆச்சி ஒரு படி மேலே போய் யாத்திராகமம் 20-ஐ எடுத்து வாசித்தே காட்டினாள். வானத்திலும் பூமியிலும் தண்ணீரிலும் உள்ள எதற்கும் ஒப்பாக உருவம் செய்யாதே என்கிற கட்டளை. "அடுத்த வசனத்துல அதைக் கும்பிடாதேன்னு வருதே ஆச்சி, என் ஆட்டை யாரு கும்பிடப் போறா?" என்றேன். சாலொமோன் கட்டின ஆலயத்திலேயே வெண்கலத் தொட்டியை 12 வெண்கலக் காளைகள்தானே சுமந்தன என்றும் எடுத்துக் கொடுத்தேன். ஆச்சியிடம் அதற்குப் பதில் இல்லை. ஒத்துக்கொள்ளவும் இல்லை.

நான் கோவில்பட்டிப் பக்கம். ஞாயிறுதோறும் சண்டே ஸ்கூல் எடுக்கிறேன். 'நல்ல மேய்ப்பன்' பாடத்துக்காக ஒருநாள் கரும்பலகையில் ஆடு வரைந்தேன். காலண்டர் படங்களில் பார்த்தபடி, பஞ்சு மூட்டைக்கு நாலு கால். ஒரு பையன் எழுந்து, "இது என்ன ஆடு சார்?" என்றான். அவன் அப்பா கிடை போடுகிறவர். பையன் கிண்டல் பண்ணவில்லை, நிஜமாகவே அவனுக்கு அது தெரியவில்லை. எங்கள் பக்கம் மேய்வது வேம்பூர் ஆடு. நெட்டைக் கால், தொங்கு காது, வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகள். பொட்டாடு என்றே பெயர். உடம்பில் சுருட்டைக் கம்பளியெல்லாம் கிடையாது. பிறந்ததிலிருந்து அந்த மந்தைகளுக்கு வழிவிட்டு ஒதுங்கியவன் நான். வரையச் சொன்னால் கையில் வந்தது சீமை ஆடு!

அடுத்த சனிக்கிழமை நோட்டும் பென்சிலுமாக அவர்கள் கிடைக்குப் போனேன். உடம்பை ஒருவழியாகப் பிடித்துவிட்டேன். கண்தான் மசியவில்லை. ஆட்டின் கண்மணி நம்முடையதுபோல் வட்டமாக இருக்காது, படுக்கைவாட்டில் கிடக்கும் ஒரு கறுப்புப் பட்டை. ஆடு தலை குனிந்து மேய்கிறபோது பட்டையும் முகத்தோடு சரியும் என்று நினைத்து அப்படியே வரைந்தேன். செத்த ஆடு மாதிரி இருந்தது. அழித்து வரைந்தேன், மறுபடியும் அதே. அப்புறம் வரைவதை விட்டுவிட்டு முழங்காலில் உட்கார்ந்து பார்த்தேன். தலை எவ்வளவு குனிந்தாலும் அந்தப் பட்டை தரைக்கு இணையாகவே நிற்கிறது. கண் குழிக்குள்ளேயே உருண்டு தன்னைச் சரிசெய்துகொள்கிறது. புல்லைக் கடிக்கிற நேரத்திலும் ஓநாய் வருகிறதா என்று அடிவானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க ஒரு ஏற்பாடு.

என் ஜெபத்தில் எப்போதும் விண்ணப்பப் பட்டியல்தான் நீளம். அன்று முக்கால் மணி நேரம் எதையுமே கேட்காமல் இருந்தேன். உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற நேரடிப் பதில் இதுதான்.

வேதத்தில் ஆதாரம் வேண்டுமென்றால் யோபு 39-ஐ வாசியுங்கள். தன் பாடுகளுக்குக் காரணம் கேட்ட மனுஷனுக்குக் கர்த்தர் காரணம் சொல்லவே இல்லை. வரையாட்டைத் தெரியுமா, காட்டுக்கழுதையைத் தெரியுமா, முட்டையை மணலில் விட்டுவிட்டு ஓடும் தீக்குருவியை (நெருப்புக்கோழியை) தெரியுமா என்று கேட்டுக்கொண்டே போகிறார். குதிரையைத் தவிர அந்தப் பட்டியலில் நமக்கு உழைக்கிற பிராணி ஒன்றுகூட இல்லை. அங்கே வரையாடு என்று சொல்லப்படுவது அந்தத் தேசத்துப் பாறைகளில் ஏறும் காட்டாடு. தமிழில் பெயர்த்தவர்கள் அதற்கு நம் மேற்குத் தொடர்ச்சி மலை வரையாட்டின் பெயரையே கொடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான்.

அந்த வரையாட்டை நேரில் பார்த்து வரையலாம் என்று ஒரு பிப்ரவரியில் மூணாறு போய், ராஜமலைக்கு வண்டி பிடித்தேன். வரையாடுகள் வாழும் அங்குள்ள இரவிகுளம் தேசியப் பூங்கா மூடியிருந்தது. காரணம் கேட்டால், வரையாடு குட்டி போடுகிற காலமாம். "வரையாடுகள் ஈனுங்காலத்தை அறிவாயோ?" என்றுதான் அந்த அதிகாரமே ஆரம்பிக்கிறது. கேட் முன்னால் நின்று சிரித்துவிட்டேன். இப்போ அறிவேன் ஆண்டவரே! மே மாதம் திரும்பப் போய், முதுகில் சேணம் போட்டதுபோல் வெளிறிய திட்டுள்ள ஒரு கறுத்த கிடாவை வரைந்துவிட்டுத்தான் இறங்கினேன்.

நமக்கு முன்னாலும் இப்படி ஆட்கள் இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த எட்வர்ட் ஹிக்ஸ் (1780–1849) குவேக்கர் பிரசங்கியார். பிழைப்புக்கு வண்டிகளுக்கும் பெயர்ப்பலகைகளுக்கும் வர்ணம் அடித்தவர். அலங்காரம் ஆகாது என்கிற சபை அது, அவர் வரைவது பலருக்குப் பிடிக்கவில்லை. நடுவில் விவசாயத்துக்குப் போய் நஷ்டப்பட்டுத் தூரிகைக்கே திரும்பினார். ஏசாயா 11-இல் ஓநாயும் ஆட்டுக்குட்டியும் சேர்ந்திருக்கிற காட்சியை 60 தடவைக்கு மேல் வரைந்தார். அவருடைய சிங்கங்கள் தூக்கம் கெட்ட பெரியவர்கள் மாதிரி விழிக்கும். எனக்கு அவர் மனசு பிடிக்கும், சிங்கம் பிடிக்காது.

ஆகவே உங்கள் பூனைக்குப் பக்கத்தில் சிலுவை வரைய வேண்டாம், ஓரத்தில் வசனமும் எழுத வேண்டாம். பூனையைப் பூனையாக வரையுங்கள். வீட்டில் கேட்டால் யோபு 39-ஐ வாசித்துக் காட்டுங்கள், ஒத்துக்கொள்வார்கள் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

கரும்பலகை ஆட்டைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மறு ஞாயிறு தாயும் பால் குடிக்கும் குட்டியுமாக, பொட்டு, தொங்கு காது எல்லாம் வைத்துத் திரும்ப வரைந்தேன். அந்தப் பையன் ரொம்ப நேரம் பார்த்தான். "காது சரியா இருக்கு சார். ஆனா எங்க பெட்டைக்கு ஏது சார் கொம்பு?"

டஸ்டரை அவனிடமே கொடுத்தேன்.